பின்னணியில் நிற்பது நம் வீடு

(கேரள எல்லையோரக் கொல்லயில் கிராமத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டு விசேஷத்தில் எடுத்த வீடியோவின் மேல் பூ விழச் செய்வது, பட்டாம்பூச்சி பறக்கவிடுவது, ஆள் நிற்கிற இடத்தை எடுத்துவிட்டு வேறு இடத்தை வைப்பது, இதைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். கொல்லயில், தனுவச்சபுரம், பாறசாலை, களியக்காவிளை என்று இந்தப் பக்கத்து வீடுகளின் கல்யாணங்களை எடிட்டிங் மேசையில் பார்த்துப் பார்த்துப் பழகியவன் நான். அதனால் இதை விளையாட்டுச் சமாச்சாரமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நம் வீடுகளில் எழுதி வைத்த குடும்ப வரலாறு அதிகம் கிடையாது. நிலத்தின் ஆதாரம் இருக்கும், கரம் தீர்த்த ரசீது இருக்கும், சபைப் பதிவேட்டிலோ கோயில் கணக்கிலோ ஒரு பெயர் இருக்கும். பாட்டா எப்படிச் சிரித்தார், பாட்டி எந்தக் கையால் வெற்றிலை மடித்தாள் என்பது கல்யாண கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் படத்தின் மேல் ஒரு பூவைப் போடுகிறவரும் அந்தக் குடும்பத்தின் பதிவில் கைவைக்கிறார். இந்த நினைப்போடு எஃபெக்ட் போடுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை.

இது எப்படி நம் ஊருக்கு வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். வி.எச்.எஸ். கேசட் ஜப்பானில் 1976-இல் வந்தது. சோனி ஹேண்டிகேம் 1985-இல் வந்தது. கல்ஃபுக்குப் போன பிள்ளைகள் லீவில் வரும்போது டேப்ரெக்கார்டருக்கு அடுத்தபடியாக வி.சி.ஆர். கொண்டுவந்தார்கள், பிறகு கேமராவும் கொண்டுவந்தார்கள். தொண்ணூறுகளில் ஸ்டூடியோ இல்லாத சந்திப்பே இல்லை என்றாயிற்று. கல்யாணத்தை எடுப்பது ஒரு ஆள், மிக்ஸிங் செய்வது வேறு ஆள். மிக்ஸர் என்ற பெட்டியில் பொத்தானை அமுக்கினால் படம் இதய வடிவத்தில் சுருங்கும், புத்தகப் பக்கம் போலப் புரளும், ரோஜாப்பூவின் நடுவில் மணப்பெண்ணின் முகம் விரியும். மாப்பிள்ளையும் பெண்ணும் வாழைத்தோட்டத்தில் நடந்தது, கேசட்டில் பனிமலையில் நடந்ததாக ஆகிவிடும். அன்றைக்கு எல்லா வீட்டிலும் அதை ஆசையோடு பார்த்தோம். அந்த ஆசையை நான் குறைத்துப் பேசமாட்டேன். சினிமாவில் மட்டுமே கண்ட அலங்காரம் தன் வீட்டுப் பெண்ணுக்கும் கிடைத்ததே என்ற பெருமை அதில் இருந்தது. வெயிலில் பனையேறியும் விளையில் கிளைத்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களுக்கு அந்தப் பெருமை உரியதுதான்.

ஆனால் அந்தக் காலத்தில் மிக்ஸிங் நடந்த முறையில் ஒரு பெரிய நஷ்டம் இருந்தது. ஒரு வி.சி.ஆரில் ஓடுகிற படத்தை மிக்ஸர் வழியாக இன்னொன்றில் பதிவு செய்வார்கள். நகலெடுக்க எடுக்கப் படம் மங்கும், நிறம் கசியும். அதைவிடப் பெரியது வேறு ஒன்று. கேமராவில் ஓடிய மூலக் கேசட் விலை கூடியது. ஆகையால் மிக்ஸிங் முடிந்ததும் பல இடங்களில் அதே கேசட்டில் அடுத்த கல்யாணத்தை எடுத்துவிடுவார்கள். எஃபெக்ட் போட்ட பிரதி மட்டும் வீட்டுக்கு வரும், போடாத பிரதி உலகத்திலேயே இருக்காது. இதய வடிவத்துக்கு வெளியே என்ன இருந்தது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தப் பக்கத்து வீடு ஒன்றின் கேசட்டை டிஜிட்டலுக்கு மாற்றியபோது பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். பெண்ணை அலங்கரித்து வீட்டுப் பின்பக்கம் நிறுத்தி எடுத்திருக்கிறார்கள். முகத்தைச் சுற்றி இதயம், இதயத்தைச் சுற்றி மினுமினுக்கும் நட்சத்திரம். மிக்ஸர்காரர் கொஞ்சம் தாமதமாக அமுக்கியிருக்கிறார். அதனால் எஃபெக்ட் விழுவதற்கு முன் இரண்டு நொடி முழுப்படமும் தெரிகிறது. கிணற்றுக் கப்பி, அதன்மேல் சுருட்டி வைத்த கயிறு, சுவரோரம் சாய்த்து வைத்த மரச்சீனிக் கம்புக் கட்டு, ஓலைத் தட்டியின் பக்கத்தில் காதில் பாம்படம் ஆட நின்று பேத்தியைப் பார்க்கிற ஒரு அம்மை. கேமரா தன்னையும் எடுக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. வீட்டார் அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார்கள், பின்னால் ஓட்டச் சொன்னார்கள், மறுபடியும் ஓட்டச் சொன்னார்கள். முழு கேசட்டிலும் அவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தது அந்த இரண்டு நொடியைத்தான். கிணறு தூர்ந்துவிட்டது, அம்மை போய்விட்டாள், அந்த விளையில் இப்போது ரப்பர் நிற்கிறது. பேத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், “இதுக்கு மேல இருக்கிற அந்த இதயத்தை எடுத்துட முடியாதா சேட்டா?” முடியாது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

படத்தை இழப்பது என்ன என்று நம் மண்ணுக்கு நன்றாகத் தெரியும். மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளம் கொண்டாடும் ஜே.சி. டானியேல் அகஸ்தீஸ்வரத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1920-களின் கடைசியில் சொந்தச் சொத்தை விற்று ‘விகதகுமாரன்’ எடுத்தார். அதில் நாயகியாக நடித்த பி.கே. ரோஸி, தலித் பெண் உயர்சாதிப் பெண்ணாகத் திரையில் வந்ததைப் பொறுக்காதவர்களால் திருவனந்தபுரத்தை விட்டே விரட்டப்பட்டார். கேரள அரசின் மிக உயர்ந்த திரைப்பட விருது இன்று டானியேலின் பெயரில் கொடுக்கப்படுகிறது. படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ரோஸி அந்தத் திரையில் எப்படி நடந்தார், எப்படித் திரும்பிப் பார்த்தார் என்று எந்த விருதாலும் நமக்குக் காட்ட முடியாது. ஒரு பெரிய படத்துக்கே இந்தக் கதி என்றால், பீரோவின் மேல்தட்டில் கிடக்கும் உங்கள் கேசட்டுக்கு யார் காவல்?

படத்தின் மேல் படம் வைப்பது டிஜிட்டல் காலத்துக் கண்டுபிடிப்பு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், ஆனால் அது பழைய வித்தை. நாஞ்சில் நாட்டு ஊர்களில் தோல்பாவைக் கூத்து பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். திரைக்குப் பின்னால் விளக்கு, ஒளி ஊடுருவும்படி பதப்படுத்தி நிறம் தீட்டிய தோல், ஒரு பாவையின் பக்கத்தில் இன்னொரு பாவை. அந்தக் கலைஞர்களின் வாழ்க்கையை ஆய்வாளர் அ.கா. பெருமாள் விரிவாக எழுதியிருக்கிறார். பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் கம்பராமாயணத்தைத் தமிழிலேயே பாடிப் பாவைக் கூத்து நடத்துகிறார்கள். சினிமாவில் 1940-இல் பி.யு. சின்னப்பா ‘உத்தம புத்திர’னில் இரட்டை வேடம் போட்டார். அந்த நாளில் இரட்டை வேடம் என்றால் லென்ஸின் பாதியை மறைத்து ஒருமுறை எடுப்பார்கள், பிலிமைப் பின்னால் சுற்றி மறுபாதியை மறைத்து மறுபடி எடுப்பார்கள். கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் நடுவில் கோடு விழுந்துவிடும்.  அன்று அவர்கள் லென்ஸ் முன்னால் வைத்த மறைப்பைத்தான் இன்று உங்கள் போனில் ‘மாஸ்க்’ என்று அமுக்குகிறீர்கள்.

இனி தொழில் விஷயத்துக்கு வருகிறேன். ஓவர்லே, அதாவது வீடியோவின் மேல் வைக்கிற படம், எப்படி ஒட்டுகிறது என்று தெரிந்தால்தான் எங்கே ஒட்டாது என்றும் தெரியும்.

ஒரு படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. 1970-களின் பிற்பாதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் வேலை பார்த்த எட் காட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்ற இருவர் நாலாவது எண் ஒன்றையும் சேர்த்தார்கள். இந்தப் புள்ளி எவ்வளவு மறைக்க வேண்டும் என்று சொல்கிற எண். பூஜ்யம் என்றால் ஒன்றும் மறைக்காது, 255 என்றால் முழுக்க மறைக்கும், நடுவில் உள்ளதெல்லாம் முகத்தின்மேல் மல்துணி போட்டதுபோல அரைகுறையாகத் தெரியும். அதற்கு ஆல்ஃபா என்று பெயர். பின்னாளில் பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களும் இவர்களே. உங்கள் வீடியோவில் விழுகிற ஒவ்வொரு பூவிதழின் ஓரமும் அந்த நாலாவது எண்ணால்தான் மிருதுவாக உட்கார்கிறது.

ஆனால் போனில் இறக்குகிற எஃபெக்ட் பெரும்பாலும் எம்பி4 ஆக வருகிறது. நம் போன்களில் வழக்கமாக ஓடுகிற எம்பி4 வீடியோவில் அந்த நாலாவது எண்ணுக்கு இடம் இல்லை. அதனால்தான் கறுப்புப் பின்னணியில் பூ விழுகிற வீடியோவைத் தருகிறார்கள். அதை லேயராக வைத்து ‘ஸ்கிரீன்’ என்று கொடுத்தால் கறுப்பு மறைந்துபோகும். கறுப்பு எதையும் கூட்டாது, வெளிச்சம் மட்டும் கூடும். மத்தாப்புப் பொறி, மழைக்கம்பி, சாம்பிராணிப் புகை, விளக்கின் ஒளி, இவை அப்படிப் போட்டால் அழகாக வரும். இருட்டான பொருளுக்கு அது ஆகாது. கருவண்டு போட்டால் காணாமல் போகும், பனைமர நிழல் போட்டால் ஒன்றுமே விழாது.

நம் பக்கத்துக் கல்யாணத்துக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. பெண்கள் கசவு வைத்த செட்டுமுண்டு உடுத்துகிறார்கள், ஆண்கள் வெள்ளை வேட்டி சட்டை. கிறிஸ்தவக் கல்யாணம் என்றால் பெண்ணின் உடையே வெள்ளை. வெள்ளையின் மேல் வெளிச்சத்தைக் கூட்டினால் வெள்ளையாகவேதான் இருக்கும். ஆகவே தலைக்குமேல் விழுந்துகொண்டிருக்கிற பூ உடம்புக்கு வந்ததும் மறைந்து, காலடியில் மறுபடி தெரியும். பலபேர் இதைப் பார்த்துவிட்டு ஆப் சரியில்லை என்று சொல்வார்கள். ஆப்பில் குற்றமில்லை, கணக்கு அப்படி. வெள்ளை உடையின் மேல் பூ விழ வேண்டுமானால் ஆல்ஃபா உள்ள பூ வேண்டும். பி.என்.ஜி. படங்களாக இருந்தால் அந்த எண் கூடவே வரும்.

பச்சைத் துணியைக் கட்டிப் பின்னணியை மாற்றுவதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பச்சையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? மனிதத் தோலில் பச்சை குறைவு. அதோடு கேமராவின் சென்சாரில் பாதிப் புள்ளிகள் பச்சையையே வாங்குகின்றன. கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1970-களில் வகுத்த அமைப்பு அது. ஆகையால் பச்சையில் இரைச்சல் குறைவு. ஆனால் கொல்லயிலில் நின்றுகொண்டு பச்சையை நீக்கு என்று இயந்திரத்திடம் சொன்னால் என்ன மிஞ்சும்? வாழை, தென்னை, பலா, மிளகுக்கொடி, பந்தலில் கட்டிய குருத்தோலை, இலையில் போட்ட சோறு, மாமியின் பச்சைப் பட்டு எல்லாமே பச்சை. பச்சை ஜாக்கெட் போட்ட பெண்ணின் தோளில் ஓட்டை விழுந்து அதன் வழியாக ஆல்ப்ஸ் மலை தெரிவதை நானே கண்டிருக்கிறேன். இந்த ஊரில் அவசியம் என்றால் நீலத் துணி கட்டுங்கள். சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, உச்சிவெயிலை ஒதுக்கி, நிழலில் ஒரே சீரான வெளிச்சத்தில் வையுங்கள். ஆள் துணியிலிருந்து ஐந்தாறடி முன்னால் நிற்கட்டும். ஒட்டி நின்றால் துணியின் நிறம் கழுத்திலும் கன்னத்திலும் படியும்.

அப்படிச் செய்தாலும் தலைமுடி ஓரம் வெட்டியது வெட்டியதுபோலத் தெரியும். போன் வீடியோவில் வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் எழுதுகிறார்கள், நிறத்தை நாலு புள்ளிக்கு ஒன்றாகத்தான் எழுதுகிறார்கள். 1920-க்கு 1080 என்று நாம் சொல்கிற படத்தில் நிறத்தின் அளவு 960-க்கு 540 மட்டுமே. கண்ணுக்கு அது தெரியாது. நிறத்தைப் பார்த்து வெட்டுகிற இயந்திரத்துக்குத் தெரியும். கொண்டையில் வைத்த பிச்சிப்பூ பாதி போய்விடுவது அதனால்தான்.

இப்போது துணியே வேண்டாம், ஆப்பே ஆளைக் கண்டுபிடித்துப் பின்னணியை நீக்கிவிடும். கொரோனா காலத்தில் வீடியோ அழைப்புகளில் இது எல்லோருக்கும் பழகிவிட்டது. அந்த இயந்திரத்தை மனிதனையே அடையாளம் காணப் பழக்கியிருக்கிறார்கள். மனிதன் அல்லாதது அதற்குக் கழிவு. மணமேடையில் கொடுத்துப் பாருங்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் இருப்பார்கள், நெல் நிறைத்து வைத்த நிறைபறை போய்விடும், குத்துவிளக்கு போய்விடும், சித்தி இடுப்பில் இருக்கும் குழந்தையின் கால் மட்டும் போய்விடும். எந்த விளக்கின் முன்னால் தாலி ஏறியதோ அந்த விளக்கே இல்லாத கல்யாணம் கைக்கு வரும். எனக்கு இதைப் பார்க்கும்போது மனசு பொறுப்பதில்லை. பின்னணி என்று நாம் சொல்கிறோமே, அது நம் வீடு. திண்ணையில் குந்தியிருந்த சொக்காரர்கள், சுவரில் மாட்டிய யேசு படமோ முருகன் படமோ, அடுக்களைப் புகை, ஐம்பது ஆண்டு கழித்துப் பிள்ளைகள் தேடப்போவது இவற்றைத்தான். சுவிட்சர்லாந்து எப்படி இருந்தது என்று அவர்கள் நம் கல்யாண வீடியோவில் தேடமாட்டார்கள்.

அப்படியானால் அலங்காரத்தை எங்கே வைப்பது? பழைய கேசட்டுகளுக்கு இடம் தானாகவே கிடைக்கிறது. அன்றைய டி.வி. நாலுக்கு மூன்று. இன்றைய டி.வி. பதினாறுக்கு ஒன்பது. 1920-க்கு 1080 சட்டத்தில் பழைய படத்தை நிமிர்த்தி வைத்தால் அது 1440 புள்ளி அகலம் எடுக்கும். இரண்டு பக்கமும் 240 புள்ளி வீதம் காலியாக நிற்கும். பலர் அந்தக் காலியிடத்துக்குப் பயந்து படத்தையே இழுத்து நிரப்புகிறார்கள். ஒல்லியான பாட்டா குண்டாகிவிடுகிறார். சிலர் மேலும் கீழும் வெட்டி நிரப்புகிறார்கள். தலையில் வைத்த பூவும் காலில் போட்ட கொலுசும் வெளியே போய்விடும். அந்த இரண்டு பக்கத்தையும் ஓவர்லேவுக்குக் கொடுங்கள். ஒரு பக்கம் பனை, மறுபக்கம் படரும் மிளகுக்கொடி, அந்தப் பட்டைகளிலேயே மேலே விரியும் கோலம், கீழே ஊரும் தேதியும். அசல் படத்தில் ஒரு புள்ளிகூட மறையாது, பார்க்கவும் நிறைவாக இருக்கும். நான் எடிட் செய்கிற பழைய கேசட்டுகளில் இப்போது இதைத்தான் செய்கிறேன். வீட்டாருக்கு மிகவும் பிடிக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பழைய கேசட்டில் ஒரு நொடிக்கு 25 சட்டம், அதாவது ஃப்ரேம், ஒவ்வொன்றும் ஒற்றைவரி, இரட்டைவரி என இரண்டு பாதியாக இருக்கும். அதை முதலில் ‘டீஇன்டர்லேஸ்’ செய்து சேர்த்துவிட்டு அப்புறம் ஓவர்லே வையுங்கள். இல்லாவிட்டால் கையை ஆட்டும்போதெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும்.

இனி பின்வரிசைப் பிள்ளைகளுக்கு. நீங்கள் ஆப்பிலிருந்து எடுத்துப் போடுகிற பட்டாம்பூச்சி எந்த ஊர்ப் பட்டாம்பூச்சி என்று கேட்டிருக்கிறீர்களா? அதே நீலப் பூச்சி பிரேசிலில் ஒரு பிறந்தநாளிலும் பறக்கிறது, பஞ்சாபில் ஒரு கல்யாணத்திலும் பறக்கிறது. உங்கள் கையால் வரைந்ததைப் போடுங்கள். உங்களால் முடியும். கேரளத்துப் பள்ளிகளுக்கு இதில் ஒரு பெரிய வாய்ப்பு கிடைத்திருக்கிறது. ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமாக இருந்து கைட் ஆன அமைப்பு 2018-இல் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களைத் தொடங்கியது. அதில் பிள்ளைகளுக்கு அனிமேஷனும் வீடியோ எடிட்டிங்கும் கற்றுத்தருகிறார்கள். எல்லாம் கட்டற்ற மென்பொருள், காசு கொடுக்க வேண்டாம். டூப்பிடியூப், ஓப்பன்டூன்ஸ், கேடன்லைவ் என்ற பெயர்கள் இங்கே எத்தனையோ பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். ஓப்பன்டூன்ஸின் மூல மென்பொருளை ஜப்பானின் கிப்லி ஸ்டூடியோ தன் படங்களுக்குப் பயன்படுத்தியது. 2016-இல் அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. கிப்லி கலைஞர்கள் பிடித்த கருவி உங்கள் பள்ளிக்கூட லேப்டாப்பிலும் ஓடும். எங்கள் தலைமுறைக்கு இது கிடைக்கவில்லை.

சிறகடிக்கும் பூச்சிக்கு ஆறு படம் போதும். சிறகு மேலே, கொஞ்சம் தாழ்ந்து, விரிந்து, கீழே, திரும்ப ஏறி, மேலே வரப்போகும் நிலை. ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டத்துக்கு நிறுத்தினால் ஒரு நொடிக்குப் பன்னிரண்டோ பதிமூன்றோ படம் போதுமானது. பழைய கார்ட்டூன்காரர்கள் அப்படித்தான் வேலையை மிச்சம் பிடித்தார்கள். ஆறு படமும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடவிடுங்கள். முந்திய படம் மங்கலாகத் தெரியும் வசதியை இயக்கி வைத்துக்கொண்டு வரைந்தால் சிறகு துள்ளாது. பி.என்.ஜி. வரிசையாக வெளியே எடுத்து, கேடன்லைவில் மேல் டிராக்கில் வைத்து, புறப்படும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் கீஃப்ரேம் கொடுத்தால் பூச்சி இடத்தை விட்டு நகரும். நேர்கோட்டில் போகவிடாதீர்கள். பட்டாம்பூச்சி நேர்கோட்டில் பறப்பது அபூர்வம். போய் உங்கள் விளையில் கறிவேப்பிலைச் செடியையோ நாரகத்தையோ சுற்றி வரும் பூச்சியைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு வந்து வரையுங்கள். பாட்டியின் பிறந்தநாள் வீடியோவில் ஏழாம் வகுப்புப் பேரன் வரைந்த கோணல் பூச்சி பறந்தால், அந்தப் பூச்சியும் குடும்பப் பதிவில் ஒரு பகுதி ஆகிவிடும். இந்த ஆண்டில் இவன் இப்படி வரைந்தான் என்று பிற்பாடு தெரியும்.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் எல்லைக்காரர்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின, நம் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு போட்டவர்கள் சம்பந்தத்துக்குக் கோடு போடவில்லை. பெண் குழித்துறைப் பக்கம், மாப்பிள்ளை இந்தப் பக்கம். ஆகவே டைட்டில் இரண்டு லிபியிலும் வேண்டும். பல ஆப்களில் நம் ஊரின் பெயரே சரியாக விழுவதில்லை. ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், நடுவில் புள்ளி போட்ட வட்டம். பழைய எழுத்துரு, அல்லது தமிழ் தெரியாத டெக்ஸ்ட் கருவி, இரண்டில் ஒன்றுதான் காரணம். யூனிகோட் எழுத்துரு எடுங்கள். சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வலர் குழு ‘மீரா’ என்ற மலையாள எழுத்துருவையும், அதற்கு இணையாக ‘மீரா இனிமை’ என்ற தமிழ் எழுத்துருவையும் இலவசமாகத் தந்திருக்கிறது. மணமகள் பெயரைத் தமிழிலும் மணமகன் பெயரை மலையாளத்திலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் இரண்டும் ஒரே கையெழுத்தில் எழுதியதுபோல நிற்கும். எல்லையில் வாழ்கிற நமக்கு இதைவிடப் பொருத்தமான கல்யாணப் பரிசு இல்லை. அதுவும் சரியாக வரவில்லையென்றால், பெயரைக் காகிதத்தில் நல்ல கையெழுத்துக்காரர் ஒருவரை எழுதச் சொல்லிப் படமெடுத்து ஓவர்லேயாகப் போடுங்கள். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பிடிக்கும்.

விசேஷத்தில் இல்லாதவர்களை வீடியோவில் சேர்ப்பது பற்றிக் கேட்டு ஒரு தாயார் சீட்டு அனுப்பியிருக்கிறார். கல்ஃபிலிருந்து லீவு கிடைக்காத அண்ணனின் போட்டோவைக் கேசட்டின் மூலையில் முட்டை வடிவத்தில் வைப்பது தொண்ணூறுகளிலேயே இருந்தது. இவர் இங்கே இல்லை, ஆனால் இவரை நினைத்தோம் என்று அந்த முட்டை வடிவமே சொல்லியது. அதில் நேர்மை இருந்தது. இப்போது மைஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் 2021-இல் கொண்டுவந்ததுபோல, பழைய போட்டோவில் உள்ளவரைக் கண் சிமிட்டவும் தலை திருப்பவும் வைக்கும் கருவிகள் வந்துவிட்டன. இறந்துபோன அப்பா மணமேடைக்கு நடந்து வந்து தலையில் கைவைத்து ஆசி கொடுக்கிற வீடியோக்களும் செய்கிறார்கள். அதைப் பார்த்து அழுகிற பெண்ணின் அழுகை உண்மையானது. நான் அதைத் தடுக்க யார்? ஆனால் அந்த நடை அப்பாவின் நடை அல்ல. அவர் ஒரு காலைச் சாய்த்து நடந்திருப்பார், இயந்திரத்துக்கு அது தெரியாது. பேரப்பிள்ளைகள் அதைத்தான் தாத்தாவின் நடை என்று நம்பிவிடுவார்கள். செய்வதாக இருந்தால் அந்தப் பகுதியின் கீழே “இந்த அசைவு கணினியில் செய்தது” என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வையுங்கள். வீட்டில் அவருடைய உண்மையான நடை எங்கேயாவது பின்னணியில் நாலு நொடி பதிவாகியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். யாருடைய கல்யாணத்திலோ பந்திக்குச் சோறு கொண்டுபோகிறவராக அவர் கடந்து போயிருப்பார். அந்த நாலு நொடியை எடுத்து, இதே கல்யாண வீடியோவில் ஒரு ஓரத்தில் வைத்தால், அது அவரே வந்ததற்குச் சமம்.

அந்த நாலு நொடி இருக்கிற கேசட்டுகளுக்குக் காலம் குறைவு. வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. யுனெஸ்கோ ஒலி ஆவணக் காப்பகங்களோடு சேர்ந்து உலகம் முழுவதும் எச்சரிக்கை விடுத்தது: காந்த நாடாவில் உள்ளதை 2025 வாக்கில் மாற்றி முடிக்காவிட்டால் அதில் பெரும்பகுதி கிடைக்காமல் போகலாம் என்று. அந்த ஆண்டும் வந்துவிட்டது. இடவப்பாதியும் துலாவர்ஷமும் பெய்கிற நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது.

மாற்றும்போது கேசட்டில் உள்ளதை ஒரு நொடிகூட வெட்டாமல் முழுதாக மாற்றுங்கள். கறுப்புத் திரை வருகிற இடமும், கேமராவை அணைக்க மறந்து தரையைக் காட்டுகிற இடமும் இருக்கட்டும். அந்தக் கோப்பை ‘அசல்’ என்று பெயரிட்டு ஒரு ஃபோல்டரில் போட்டுப் பூட்டிவிடுங்கள். அதன் நகல் ஒன்று வீட்டு ஹார்ட் டிஸ்கில், ஒன்று வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம், ஒன்று இணையத்தில் இருக்கட்டும். எஃபெக்ட், பூ, கோலம், பூச்சி எல்லாம் இன்னொரு நகலில். வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய பிரதியை அசல் என்று எண்ணி மூலத்தை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்ஆப் வழக்கமாகச் சுருக்கித்தான் அனுப்பும். போனில் இன்று எடுக்கிற வீடியோவுக்கும் இதே ஏற்பாடுதான்.

வெளியே வராந்தாவில் ஓடுகிற நிலையில் ஒரு வி.சி.ஆர். வைத்திருக்கிறேன். கேசட் கொண்டுவந்தவர்கள் உள்ளே போடுவதற்கு முன் முன்மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டுங்கள். நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் ஓட்டமாட்டேன். அதை ஓட்டினால் ஹெட் கெட்டு அடுத்தவர் கேசட்டும் பழுதாகும். முதலில் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும், அதற்குத் தனியாக வாருங்கள். மற்றவர்கள் அட்டையில் பெயர், வீட்டுப் பெயர், என்ன விசேஷம், ஏறக்குறைய எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.